கம்ப்யூட்டருக்கு அம்மை போட்ட கோடை

கரையோரச் சரக்குக் கழகத்துக்கு முதலில் வந்தது கம்ப்யூட்டர். அடுத்து வந்தது கம்ப்யூட்டர் நோய்த் தடுப்புப் பிரிவு. நோய் மூன்றாவதாகத்தான் வந்தது. இந்த வரிசையைப் பற்றிப் பிற்பாடு பலர் பலவிதமாகப் பேசினார்கள். பிரிவினர் அதை முன்யோசனை என்றார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பழைய உப்புக் கிடங்குக்கு வெள்ளையடித்துக் கழகத்தின் அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். மின்விசிறிகூட அதிகாரிகளுக்கு மட்டுமே இருந்த அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டரின் அறைக்கு மட்டும் ஏ.சி. வைத்தார்கள். வேலை எளிமையானதுதான். தபால் உறையைவிடச் சற்று நீளமான அட்டைகளில் துளை போட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அது துளைகளைப் படித்து, எந்தக் கப்பலில் வந்த எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று அகலமான காகிதத்தில் அடித்துத் தரும். வேண்டுமென்றால் தானாகவே புதிய அட்டைகளில் துளை போடவும் அதற்குத் தெரியும். இந்தக் கடைசித் திறமைதான் வினையாகிவிட்டது.

துளை போடும் அறையிலிருந்து இயந்திர அறைக்கு அட்டைத் தட்டுகளைத் தூக்கிச் செல்பவர் பாஸ்கல். ராயபுரத்துக்காரர். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். முகம் முழுக்க அதன் தழும்புகள். கழகத்தில் பல வருஷமாகத் தற்காலிக ஊழியர். நாற்பது வயதுக்குள் நிரந்தரமாகாத தற்காலிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கழகத்தில் ஒரு விதி இருந்தது. பாஸ்கலுக்கு வருகிற ஆகஸ்டில் நாற்பது முடிகிறது. நிரந்தர உத்தரவு தலைவரின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சரக்கு விவரம் வர வேண்டிய காகிதத்தில் புள்ளிகள் வந்தன. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புள்ளிகள். ஆபரேட்டர் லியோனார்ட் இயந்திரத்தை நிறுத்துவதற்குள் அது புது அட்டைகளை எடுத்துத் தானே துளை போட ஆரம்பித்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி அட்டைகள். அவை மற்ற கட்டுகளோடு கலந்தன. கலந்த கட்டை எப்போது போட்டாலும் மறுபடி புள்ளிகள், மறுபடி அட்டைகள். இன்றைக்கு இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு நோய் என்றே சொன்னார்கள்.

தடுப்புப் பிரிவின் அதிகாரி அருள்பிரகாசம் ஒரு பழுப்புத் தோல் பையோடு வந்தார். அந்தப் பையை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். கழிவறைக்குப் போனாலும் அது கூடவே போகும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் அறையின் கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். வியர்வையோடு வெளியே வந்து, "நீங்கிவிட்டது," என்றார். ஏ.சி. அறையில் எப்படி வியர்த்தது என்று லியோனார்ட் மட்டும் கேட்டார். அது உழைப்பின் வியர்வை என்று விளக்கப்பட்டது.

மறுநாளே நோய் நீக்க விழா நடந்தது. பந்தல், மைக், குழுப் புகைப்படம், அருள்பிரகாசத்துக்கு ஆளுயர ரோஜா மாலை. இரண்டு பேராக இருந்த பிரிவு அந்த மாதமே எட்டு பேரானது. அடுத்த நோய்க்குப் பிறகு அவர்களுக்கு ஒரு ஜீப் வந்தது. அதற்கடுத்த நோய்க்குப் பிறகு ஜீப் நிறுத்த ஷெட் வந்தது. ஒவ்வொரு விழாவிலும் அருள்பிரகாசம் பேசினார். மூன்றாவது விழாவில் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

"தோழர்களே! இந்த நிதியாண்டில் நாம் ஏழு நோய்களை எதிர்பார்க்கிறோம். ஏழுக்கும் மருந்து தயாராக இருக்கிறது. மருந்தைத் தயார் செய்துவிட்ட பிறகு நோய் வராமல் போனால் செலவழித்த பொதுப்பணம் வீண். அந்த வீணடிப்பு என் பதவிக்காலத்தில் நடக்காது என்று உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. பாஸ்கலும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவருக்கு யோசனை வந்தது.

இதற்குள் சந்தேகம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. நோயை உண்டாக்குவது தொழிற்சங்கம் என்று தலைவர் சந்தேகப்பட்டார். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊர்வலம் போனவர்கள் அல்லவா? வாடகைக்கு இயந்திரம் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி என்று சங்கம் சந்தேகப்பட்டது. கணக்குப் பிரிவு சரக்குப் பிரிவைச் சந்தேகப்பட்டது. சரக்குப் பிரிவு கடல் காற்றைச் சந்தேகப்பட்டது. ஒருவர் டீ குடிக்கும்போது அடுத்தவர் அந்த டம்ளரை உற்றுப் பார்த்தார்.

சங்கச் செயலாளர் பொன்னுரங்கம் கேன்டீனில் சத்தமாகவே கேட்பார். "இன்னா மாமு, டாக்டரே வூடு வூடா பூந்து காச்சல குட்துட்டு, அப்பால மாத்தரையும் அவரே குட்தா எப்டி கீது? இன்னொண்ணும் பாரு. புள்ளி வந்த அன்னிக்கெல்லாம் எந்த கோடவுன்லேர்ந்து இன்னா சரக்கு வெளிய போச்சின்னு எவனுக்காவது தெரியுமா? லாரி மட்டும் போய்கினே கீது."

இதைத் தலைவரின் காதில் போட்டவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். முதல் பாதியைக் கேட்டதும் விசாரணைக் குழு அமைந்தது. தலைவரே அதன் தலைவர். அருள்பிரகாசம் நிபுணர். முதலில் கூப்பிடப்பட்டவர் பாஸ்கல்.

"நீ அட்டைகளைத் தொடுகிறாயா?" என்றார் தலைவர்.

"தொடாம எப்டி சார் தூக்கறது?"

"ஒப்புக்கொள்கிறான். எழுதிக்கொள்ளுங்கள். எதுவரை படித்திருக்கிறாய்?"

"அஞ்சாவது சார். அதுல கூட பாதிதான்."

தலைவர் நிபுணரைப் பார்த்தார். "இவனால் இதெல்லாம் முடியுமா?"

அருள்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐந்தாம் வகுப்புப் படித்தவனால் இவ்வளவு நுட்பமான நோயை உண்டாக்க முடியாது என்று நாம் நினைக்க வேண்டும். அதற்காகவே இவன் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்கலாம்."

"அப்பா கட்டுமரத்தோட போய்ட்டாரு சார், அதான் நிறுத்துனேன்," என்றார் பாஸ்கல்.

"காரணமும் தயாராக வைத்திருக்கிறான்," என்றார் அருள்பிரகாசம்.

முடிவு அன்று மாலையே வந்தது. இனி ஒரு முறை நோய் வந்தால் பாஸ்கல் வேலையிலிருந்து நீக்கப்படுவார். வராவிட்டால் அவருடைய நிரந்தர உத்தரவு பரிசீலிக்கப்படும்.

வீட்டில் அவருடைய மனைவி பிலோமி மீன் கூடையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். சந்தேகம் அவளுடைய தொழிலில் ஒரு பாதி.

"யோவ், நோய் வர்றதுக்கு மிந்தி அந்த ஆளு பையோட உள்ள போறானா இல்லியா?"

"போறாரு. வாராவாரம் செக்கப்பு."

"வந்தப்பறமும் பையோட உள்ள போறான். மீனு நாறுதுன்னா நா மொதல்ல கூடையத்தான் மோந்து பாப்பேன். நீங்க இன்னாடான்னா கடலு பக்கம் மூக்க நீட்டிகினு கீறீங்கோ."

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற? ஆபிசர உள்ள வுடாதேன்னு நா கதவாண்ட மறிக்க முடியுமா?"

பிலோமி கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏப்ரலில் வெயில் ஏறியது. அந்தக் கோடையில் எண்ணூர் பக்கம் அம்மை என்று பேச்சு. ஊசி போடுகிறவர்கள் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை அருள்பிரகாசம் பையோடு வாராந்திர சோதனைக்கு உள்ளே போய் வந்தார். பதினோரு மணிக்கு இயந்திரம் மறுபடி புள்ளிகளைத் துப்ப ஆரம்பித்தது.

பாஸ்கல் புள்ளி விழுந்த காகிதத்தைக் கையில் பிடித்தபடி நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே டீத் தூக்கோடு இசக்கியம்மாள் வந்தாள். கேன்டீன் நடத்துபவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூக்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஏய்யா பாஸ்கலு, இது எங்கன உள்ளது?"

"மிஷின்லேர்ந்து வந்துகினு கீது."

"உடம்பு பூரா இப்படித்தானா?"

"முழுக்க."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! முத்துல்லா போட்டிருக்கா! சூடு தாங்காம குளுந்த ரூமாப் பாத்து எறங்கியிருக்கா. இது தெரியாம இந்தப் படிச்ச மூதிய எல்லாம் செருப்புக் காலோட உள்ள போயிட்டு வருதுவ."

பாஸ்கல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பின்பக்கம் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து இயந்திர அறையின் வாசல் நிலையில் கட்டிவிட்டாள். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கம்ப்யூட்டரின் காலடியில் ஓர் இளநீர் வைத்தாள். கேன்டீனுக்குத் திரும்பி, அம்மை இறங்கி மூன்று தண்ணி ஊற்றும்வரை தாளிப்புக் கிடையாது என்று அறிவித்தாள். தலைவருக்குப் போன சாம்பாரிலும் அன்று கடுகு இல்லை.

அருள்பிரகாசம் பையோடு விரைந்து வந்தார். வேப்பிலையைக் கண்டதும் நின்றார்.

"இது என்ன மூடத்தனம்? இது அறிவியல் நிலையம்."

"நல்லதுய்யா. ஒம்ம அறிவியலோட உள்ள போயிட்டு வாரும்," என்றாள் இசக்கியம்மாள். "ஆனா அம்மை கண்ட எடத்துக்கு வெளியாளு போனா, வரும்போது கூடவே கூட்டிக்கிட்டு வந்துருவாரு. பாத்துக்கிடுங்க. வீட்ல பிள்ளைய இருக்குல்லா?"

அவர் வாசற்படியைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். அவருடைய வலது கால் கொஞ்சம் உயர்ந்து, பழைய இடத்திலேயே இறங்கியது. "அறிவியல் யாருடைய மனதையும் புண்படுத்தாது," என்றார்.

அன்று மாலை சுற்றறிக்கை வந்தது. "ஊழியர்களின் நம்பிக்கையை மதித்தும், அதே சமயம் அதை ஏற்றுக்கொள்ளாமலும், அதிகாரிகள் யாரும் மறு அறிவிப்பு வரை இயந்திர அறைக்குள் செல்லமாட்டார்கள். ஏற்கெனவே அம்மை கண்டவர்கள் மட்டும் செல்லலாம்." எட்டு பேர் கொண்ட தடுப்புப் பிரிவில் அம்மை கண்டவர் யாரும் இல்லை. தலைவரும் கண்டதில்லை. சங்கத்திலும் இல்லை. ஊரையே எதிர்த்துப் பேசும் பொன்னுரங்கமும், "நமக்கு எதுக்கு மாமு பேஜாரு," என்று வாசலோடு நின்றார். கழகம் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு தழும்பு முகம் கிடைத்தது.

இப்படித்தான் நோயை உண்டாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவரிடமே இயந்திரம் ஒப்படைக்கப்பட்டது. வேறு யாரும் உள்ளே போக முடியாததால் பாஸ்கலின் பணி நீக்கத்தையும் மூன்றாம் தண்ணிக்குத் தள்ளி வைத்தார்கள்.

பாஸ்கலுக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மை வீட்டைப் பற்றித் தெரியும். அவர் படுத்திருந்தபோது அவருடைய அம்மா சிலுவைக்குப் பக்கத்திலேயே வேப்பிலை செருகியிருந்தாள். எனவே செருப்பை வெளியே விட்டார். புள்ளி விழுந்த காகிதங்களையும், அன்று இயந்திரத்தின் மேலும் கீழும் கிடந்த அட்டைகள் எல்லாவற்றையும், நோயாளியின் துணிமணிகளைச் சுருட்டுவது போலச் சுருட்டிக் கடற்கரையில் வைத்து எரித்தார். துளை போடும் பெண்கள் புதிதாக அட்டை அடித்துக் கொடுத்தார்கள். லியோனார்ட் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை நீட்டுவார். உள்ளே பாஸ்கல் அந்தப் பொத்தானை அழுத்துவார். தப்பான பொத்தான் என்றால் லியோனார்ட் தலையில் அடித்துக்கொள்வார். அப்போது வேறொன்றை அழுத்துவார்.

இயந்திரம் ஓடியது. அடுத்த நாளும் ஓடியது. புள்ளி என்பதே வரவில்லை. எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் என்று சாயங்காலத்துக்குள் காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தில் இருந்தது கிடங்கிலும் இருந்தது. கழகத்தின் வரலாற்றில் இது புதிது.

முதல் தண்ணி ஊற்றினாள் இசக்கியம்மாள். இயந்திரத்தின் மேல் அல்ல, லியோனார்ட் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் வாசற்படியின் மேல். இரண்டாம் தண்ணியும் ஆயிற்று. அருள்பிரகாசம் தினமும் பையோடு வந்து, வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக இயந்திரத்தை அவர் பார்த்த பார்வையில் கவலை இருந்தது. எட்டு பேரும் ஜீப்பில் வந்து, ஜீப்பைத் துடைத்துவிட்டு, ஜீப்பில் போனார்கள்.

மூன்றாம் தண்ணிக்கு முந்தைய நாள் மத்தியானம், எல்லோரும் கடுகில்லாத சோறு சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அருள்பிரகாசம் பாஸ்கலைக் கூப்பிட்டார். பையைத் திறந்தார். உள்ளே சட்டை இருந்தது, சீப்பு இருந்தது, ரப்பர் போட்டுக் கட்டிய அட்டைக் கட்டுகள் ஏழெட்டு இருந்தன. அதில் ஓர் அட்டையை உருவினார்.

"பாஸ்கல், அம்மை குத்துவது என்றால் என்ன தெரியுமா?"

"தெரியும் சார்."

"கொஞ்சமாக நோயை உள்ளே விடுகிறோம். எதற்கு? பெரிய நோய் வராமல் இருக்க. இந்த அட்டையை நாளைக் காலைக் கட்டின் நடுவில் வைத்துவிடு. அவ்வளவுதான்."

பாஸ்கல் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ சார், இது வந்து நோய்ங்களா?"

"நோய் என்று சொல்லாதே. நோயின் மாதிரி. இது இல்லாவிட்டால் நோய் எப்படி இருக்கும் என்றே மக்கள் மறந்துவிடுவார்கள். மறந்தால் தடுப்பு எதற்கு என்று கேட்பார்கள். எட்டுக் குடும்பங்கள், பாஸ்கல். ஒன்பதாவது உன் குடும்பமாகவும் இருக்கலாம். உன் உத்தரவைத் தலைவர் நாளையே கையெழுத்துப் போடும்படி செய்ய என்னால் முடியும்."

 ஆகஸ்ட் பாஸ்கலின் கண்ணில் தெரிந்தது. பிறகு மிகுந்த பணிவோடு, "வெளியிலேர்ந்து எதுவும் உள்ள எடுத்துனு போகக் கூடாதுன்னு கேன்டீன் ஆயா சொல்லிக்கீது சார். நாளைக்கு மூணாம் தண்ணி," என்றார்.

அறிவியல் யாருடைய மனதையும் புண்படுத்தாது என்று சொல்லியிருந்தவரால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

பாஸ்கல் அந்த அட்டையோடு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தலைவரிடம் வந்தார். நடந்ததை அப்படியே சொன்னார். உடனே குழு கூடியது. பொன்னுரங்கம் சங்கத்தின் சார்பில் ஜன்னலுக்கு வெளியே நின்றார். கட்டடமே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"பை எங்கே?" என்றார் தலைவர்.

அருள்பிரகாசம் பையை மேஜையில் கவிழ்த்தார். சட்டையும் சீப்பும் மட்டும் விழுந்தன.

"அந்த அட்டை எங்கே?" என்று பாஸ்கலைக் கேட்டார் தலைவர்.

"எரிச்சிட்டேன் சார்."

"என்ன?"

"அம்மை வாசல்ல கைமாறுன பொருளு சார். வச்சிருக்கக் கூடாது. வர்ற வழியில கடலாண்ட போட்டு எரிச்சிட்டுத்தான் வந்தேன். கையக்கூட கழுவிட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே பொன்னுரங்கம், "அடப்பாவி மாமு," என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது போல இருந்தது. அல்லது வெளிச்சம் அப்படி விழுந்திருக்கலாம்.

"சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை," என்றார். "ஆனால் நோய் வராமல் இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. இதைத்தான் குழு கவனிக்க வேண்டும். இந்த நாட்களில் எத்தனை வியாபாரிகள் என் வீட்டுக்கு போன் செய்தார்கள் தெரியுமா? எல்லாக் கணக்கும் சரியாக வருகிறது என்று புகார்! ஒரு கப்பலாவது, ஒரு மூட்டையாவது காணாமல் போக வேண்டாமா? திடீரென்று இப்படிச் சரியாக நடந்தால் தொழில் எப்படி நடக்கும்? இயந்திரம் ஆரோக்கியமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆரோக்கியம் முறைப்படி, உரிய பிரிவின் வழியாக வர வேண்டும்."

அருள்பிரகாசம் எழுந்தார். நோய் வராமல் தடுத்தது வேப்பிலை என்பதை அறிவியல் மனப்பான்மையோடு தாம் ஏற்பதாகச் சொன்னார். தடுப்பு எதுவாக இருந்தாலும் அது தடுப்புப் பிரிவுக்கே சொந்தம் என்றார். குழு ஒருமனதாக ஏற்றது.

மறுநாள் மூன்றாம் தண்ணியோடு தாளிப்பு வந்தது. அதிகாரிகளும் உள்ளே வந்தார்கள். வேப்பிலை துணைப்பிரிவு என்று ஒன்று உருவானது. அதற்கு அருள்பிரகாசமே பொறுப்பு. வேப்பங்கொத்தை இனி இசக்கியம்மாள் ஒடிக்கக் கூடாது, டெண்டர் விட்டு வாங்க வேண்டும் என்று முடிவானது. கொத்தின் நீளத்துக்கு அளவு வந்தது. கொத்தைத் தினமும் கட்டி அவிழ்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தழும்பு முகம் உள்ளவர் என்பது தகுதி. பாஸ்கலின் உத்தரவில் தலைவர் ஜூலை கடைசியில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம். பணியிடம்: இயந்திர அறையின் வாசலுக்கு வெளியே. உள்ளே செல்ல அனுமதி இல்லை.

பிலோமி ஞாயிற்றுக்கிழமை பூசையில் மெழுகுவத்தி ஏற்றினாள். வெளியே வந்ததும், "பைய திரும்ப உள்ள எடுத்துனு போறானா?" என்று கேட்டாள்.

"புதுப் பையி. கறுப்பு கலரு," என்றார் பாஸ்கல்.

ஆகஸ்டில் அவருக்கு நாற்பது முடிந்த வாரம். டெண்டர் எடுத்தவர் வேப்பிலைக்குப் பதில் புங்க இலை அனுப்பியிருந்தார். பாஸ்கல் அதையே நிலையில் கட்டிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். உள்ளே சற்று முன்புதான் திரை போட்டிருந்தார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து பூக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் வாழை இலையில் சுற்றிய ஆளுயர ரோஜா மாலை.

"இன்னா நைனா, அருள்பிரகாசம் சாருன்னு இங்க யாரு? மாலை சொல்லிகீறாரு. எங்க மாட்டணும்?"

பாஸ்கல் இலை கட்டும் ஆணியைக் காட்டினார். பூக்காரர் மாலையை அதில் மாட்டித் தண்ணீர் தெளித்தார்.

"இன்னா விசேசம்?"

"மிஷினுக்கு நோய் குணமாய்ட்ச்சாம். அதுக்கு விழா."

"அடடே. எப்போ வந்துச்சி நோயி?"

பாஸ்கல் திரையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் வரல," என்றார். "பதினோரு மணி வாக்குல வரும்."